ஓ கிரேடு முகம்

செம்மண்பாளையம் மகளிர் கல்லூரியில் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பெண்களுக்கு ஒரே காலையில் ஒரே முகம் வந்த வருஷத்தில் மழைக்குக் குறைவில்லை, மரவள்ளி நன்றாக விளைந்தது, மாகாளியம்மனுக்குச் சாட்டிய நோன்பும் சரியாகவே முடிந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு சாமி குற்றம் என்றும் கிரகம் என்றும் மில்லுக்காரர்கள் தண்ணீரில் எதையோ கலந்துவிட்டார்கள் என்றும் ஆளாளுக்குப் பேசினார்கள். அது எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். மார்க்கினால் வந்தது.

நான் துளசிமணி. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அந்தக் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் பதினோரு வருஷமாகத் தலை கிழிக்கிறேன். விடைத்தாளின் முதல் பக்கத்தில் பேரும் பதிவு எண்ணும் எழுதிய மேல்துண்டு ஒன்று இருக்கும், அதைக் கிழித்தெடுத்து, துண்டிலும் தாளிலும் ஒரே டம்மி நம்பரைக் குத்தி, தாளைத் திருத்துகிற அறைக்கும் துண்டைப் பெட்டிக்குள்ளும் அனுப்பவேண்டும், யாருடைய தாள் என்று திருத்துகிறவருக்குத் தெரியக்கூடாது. திருத்தி வந்த கட்டுகளை அடுக்குகிறவளும் நான்தான் என்பதால் சிவப்பு மையில் போட்டிருப்பதெல்லாம் என் கண்ணில் படாமல் போகாது. முன்பெல்லாம் ஒரு கட்டில் ஒரு தொண்ணூறு இருந்தால் பெரிது. பிறகு பருவ முடிவில் பெண்கள் ஆசிரியர்களுக்கு மார்க் போடுகிற ஒரு தாளைக் கொண்டுவந்தார்கள், அதில் குறைந்தவருக்கு அடுத்த வருஷம் வேலை இல்லை என்றார்கள், அன்றைக்குப் பிடித்து ஒரு வாத்தியாரம்மா தன் வகுப்பில் பாதிப் பேருக்குத் தொண்ணூறுக்கு மேலான ஓ கிரேடு போட, பக்கத்து வகுப்பு வாத்தியார் நான் மட்டும் கெட்டவனா என்று முக்கால்வாசிப் பேருக்குப் போட, கல்லூரி வாசலில் ஓ கிரேடு எண்ணிக்கையை எழுதி ஒரு பெரிய பேனர் கட்ட, பேனரைப் பார்த்து அடுத்த வருஷம் சேர்க்கை நிரம்ப, மூன்றாம் வருஷம் கேள்வியையே திரும்ப எழுதிவைத்த தாளுக்குக்கூடத் தொண்ணூற்றிரண்டு விழுந்தது. கை கூசாமல் போட்டார்கள். கடைசி வருஷத்தில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரில் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு ஓ கிரேடு, மிச்சம் பதினாலு பேர் பரீட்சைக்கே வராதவர்கள்.

அந்த முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டில் என் மகள் ஜீவிதாவும் ஒருத்தி. அவள் உண்மையாகவே படித்தவள், அவள் தாளைத் தலை கிழித்த பிறகும் எழுத்தை வைத்து எனக்குத் தெரியும், பக்கத்தின் கடைசி வரிவரை இடம் விடாமல் எழுதுவாள். ஒரே கல்லூரியில் நான் நீலச் சேலையில் ஏவல் வேலைக்கு நிற்க அவள் சுடிதாரில் படிக்க வந்ததில் மூன்று வருஷமும் எங்களுக்குள் ஒரே சண்டைதான். மத்தியானம் ஆனால் எனக்கு மனம் கேட்காது, வராண்டாவின் இந்தக் கோடியில் நின்று, "அம்மிணி, சோறு உண்டாச்சா?" என்று கூப்பிடுவேன். அவளோடு நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள். அவள் திரும்பமாட்டாள், இடது தோளை மட்டும் காதுவரைக்கும் தூக்கிக்கொண்டு நிற்பாள், அப்புறம் வீட்டில் வந்து, "இனி ஒருக்கா அப்படிக் கூப்பிட்டீன்னா நான் காலேஜுக்கே போகமாட்டேன்" என்பாள். மறுநாளும் நான் கூப்பிடுவேன்.

மே மாதம் கலையரங்கத்தில் மதிப்பெண் தாள் கொடுத்தார்கள். பெண்கள் வரிசையில் போய்த் தாளை வாங்க வாங்க, விரல் பட்ட நொடியில் அவளவள் முகம் போய் இன்னொரு முகம் வந்தது, எல்லாருக்கும் அதே முகம், கறுப்பும் இல்லாத சிவப்பும் இல்லாத, மருவும் பருவும் இல்லாத, ஜவுளிக்கடை வாசலில் சேலை கட்டி நிறுத்தியிருக்கிற பொம்மையினுடையதைப் போன்ற முகம், அதைக் குறை சொல்ல ஒன்றும் இருக்காது, பார்த்துவிட்டுத் திரும்பினால் ஞாபகமும் இருக்காது. உயரமும் ஒன்றாகிவிட்டது. குரல் பஸ் ஸ்டாண்டு அறிவிப்புக் குரலாகிவிட்டது. தாய்மார்கள் கொஞ்ச நேரம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபடி அலைந்தார்கள், கூப்பிட்ட பேருக்கு ஒருத்தி வந்தாள், வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். நானும் ஜீவிதா என்று கூப்பிட்டேன், ஒருத்தி வந்தாள், கூட்டிக்கொண்டு போனேன்.

ஊருக்கு இதைப் பழகிக்கொள்ள இரண்டு வாரம் பிடித்தது. முதலில் ஆளுக்கொரு நிறத்தில் ரிப்பன் கட்டினார்கள், நிறங்கள் தீர்ந்துபோகவே முழங்கையில் மார்க்கர் பேனாவால் பேர் எழுதினார்கள், குளித்தால் அழிகிறது என்று அதையும் விட்டார்கள். கவிதா ஸ்டூடியோக்காரர் ஒருத்தியைப் படம் பிடித்து அதையே எல்லாருக்கும் கழுவிக் கொடுத்தார். கண்டக்டர்கள் பாஸைக் கேட்பதை நிறுத்தினார்கள். கல்யாணத் தரகர் பழனியப்பன் இருபது ஜாதகத்துக்கு ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு மேற்கேயும் கிழக்கேயும் போய்வந்தார், பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு பெண்ணுக்குப் பூ வைத்துப் போனார்கள், பூ வைத்தபின் யாரும் எடுக்கச் சொல்லவில்லை. கல்லூரி வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டு நிற்கிற பையன்கள் யாரைப் பார்த்து நிற்பது என்று தெரியாமல் ஒரு மாதத்தில் கலைந்து போனதை மட்டும் நல்லது என்றே எல்லாரும் சொன்னார்கள். தாங்கள் பெற்ற முகத்தைக் காணோமே என்று ஒரு தாயாவது அழுதாளா என்றால், அழவில்லை. "ஓ கிரேடு முகமுங்க" என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்கள். சொந்த முகத்தோடு இருந்த அந்தப் பதினாலு பேர்தான் துப்பட்டாவை மூக்குவரை சுற்றிக்கொண்டு கடைவீதிக்குப் போனார்கள்.

என் வீட்டிலும் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது. பாகற்காய் வைத்தால் தட்டைத் தள்ளிவிடுகிறவள் இப்போது கேட்டு வாங்கித் தின்றாள். தின்ற தட்டைக் கழுவி வைத்தாள். வாசலில் நின்று அம்மிணி சோறு உண்டாச்சா என்று நான் கத்தினால் உடனே திரும்பி, அந்தப் பஸ் ஸ்டாண்டுக் குரலில், "உண்டாச்சுங்கம்மா, நீங்க உண்டீங்களா?" என்று கேட்டாள். லாரியில் வடக்கே போயிருக்கிற அவள் அப்பனிடம் போனில் சொன்னேன், மார்க் வந்ததும் புள்ளைக்கு மரியாதை வந்திருச்சு என்று. அவரும் சந்தோஷப்பட்டார். 

ஆகஸ்டில் சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. வேலைக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனிக்காரர்கள் மூன்று பேரைப் பார்த்துவிட்டு, போதுமுங்க, எல்லாம் ஒண்ணுதான், என்று காரில் ஏறிப் போய்விட்டார்கள். பெற்றோர் கூட்டம் போட்டார்கள். முதல்வர் எஸ்தர் அம்மா எழுந்து, ஓ கிரேடுக்கு ஒரு வரம்பு வைக்கப்போகிறோம், தாள்களை வெளியூர் ஆசிரியர்களை வைத்து மறுபடி திருத்தி, தகுதியுள்ள கொஞ்சம் பேருக்கு மட்டும் அதை விட்டுவைத்து, மற்றவர்களுக்குக் குறைக்கப்போகிறோம், குறைந்தவர்களுக்கு அவரவர் முகம் திரும்பிவிடும் என்று நம்புகிறோம் என்றார்.

கலையரங்கம் இரைச்சலாகிவிட்டது.

"முகத்தை வெச்சுட்டு என்னங்கம்மா பண்றது? முகத்தைப் பாத்தா வேலை போட்டுத் தர்றாங்க?" என்றார் ஒருவர்.

"எங்க அக்கா மகளுக்கு அந்த மூஞ்சியில நிச்சயமே ஆயிருச்சு. இப்பப் பழைய மூஞ்சி வந்தா மாப்பிள்ளை வீட்டுல நீங்க வந்து பேசறீங்களா?"

"குடுத்ததைத் திரும்ப வாங்கறதுக்கு நீங்க யாரு? நாங்க கேட்டமா? நீங்களாத்தானே போட்டீங்க?"

அந்தக் கேள்வி மட்டும் நியாயம் என்று எனக்குப் பட்டது, போட்டவர்கள் முன்வரிசையில் தங்கள் தங்கள் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள், அவர்களில் ஒருவருக்கும் ஒரு மயிரும் மாறவில்லை. நூற்றுக்குப் பத்து என்றார் ஒருவர், நூற்றுக்கு இருபத்தைந்து என்றார் இன்னொருவர், மில்லுக்காரர் மனைவி சுகந்தா எழுந்து, எத்தனையோ வெச்சுக்கங்க, எங்க ஷ்ருதிலயா அதுல இருக்கோணும், என்றாள். கடைசியில் பட்டமளிப்பு மேடையில் போடுகிற, சாய்வில் மயில் செதுக்கிய நாற்காலி கல்லூரியில் எத்தனை இருக்கிறது என்று யாரோ கேட்க, ஏழு என்று ஸ்டோர்காரர் சொல்ல, கல்லூரி முழுவதற்கும் ஏழு பேர் என்று முடிவாயிற்று. இதுதான் அவர்கள் தகுதியைக் கணக்கிட்ட முறை.

மறுபடி டம்மி நம்பர் போடுகிற வேலை எனக்கு வந்தது. பழைய நம்பரின் மேல் துண்டுக் காகிதம் ஒட்டிப் புது நம்பர் குத்திக்கொண்டே வந்தபோது ஜீவிதாவின் தாள் கைக்கு வந்தது, கடைசி வரிவரைக்கும் எழுதிய அந்தத் தாள். அறையில் யாருமில்லை. அதில் இரண்டு பக்கத்தை உருவி இடுப்பில் செருகிக்கொண்டால் அவள் ஏழு பேரில் வரமாட்டாள், என் மகளின் முகம், கன்னத்தில் கொசு கடித்துக் கீறின தழும்போடு எனக்குத் திரும்ப வந்துவிடும். தாளை வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். அவள் உட்கார்ந்து எழுதியது, நான் பெற்றேன் என்பதற்காக எடுக்க எனக்குப் பாத்தியதை இல்லை என்று தோன்றிவிட்டது. நம்பரைக் குத்திக் கட்டில் வைத்தேன்.

அக்டோபர் முதல் வாரம் பதினோரு மணிக்கு ஏழு பேரின் பட்டியலை ஒட்டினார்கள், அதில் நான்காவது பேர் ஜீவிதா. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அம்மிணி, உன் பேரு இருக்குது, என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பாலின் மேல் ஆடை விலகுகிற மாதிரி அவள் முகத்திலிருந்து அந்த முகம் விலகியது, கீழே வேறொரு முகம் இருந்தது, அகலமான நெற்றி, கொஞ்சம் தூக்கின பல். அது என் மகளின் முகம் இல்லை.

"நீ யாரு கண்ணு?" என்றேன். வேறென்ன கேட்பது.

மொச்சைத் தோலை மடியில் போட்டபடியே அவள் அழுதாள். "நான் ஷ்ருதிலயாங்கம்மா. மில்லு வீடு. மார்க் தாள் குடுத்த அன்னைக்கு ஹால்ல ஜீவிதாதான் சொன்னா, ஒரு வாரம் நீ எங்க வீட்டுக்குப் போ, நான் உங்க வீட்டுக்குப் போறேன், கதவு சாத்தற ரூம்ல ஒரு வாரம் தூங்கோணும்னு. எனக்கும் எங்க வீட்டுல மூச்சு விட முடியலீங்க, எந்நேரமும் மார்க்குப் பேச்சுத்தான். ஒரு வாரம் கழிச்சு வரச் சொன்னேன். அவ வரலீங்க. அவங்கம்மா, நீங்களே கண்டுபிடிச்சுத் தேடி வரட்டும்னுட்டா."

ஐந்து மாதம். பாகற்காயை விரும்பித் தின்றபோது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். என் கையால் தினமும் சோறு போட்டிருக்கிறேன், தலை வாரியிருக்கிறேன், யாருக்கோ வாரியிருக்கிறேன்.

அவளைக் கூட்டிக்கொண்டு, வழியில் கல்லூரியில் அவள் புது மார்க்கையும் பார்த்துவிட்டு, மில்லு வீட்டுக்குப் போனேன். வாசல் கேட்டருகே சுகந்தா நின்றுகொண்டிருந்தாள், பட்டியலில் தன் மகள் பேர் இல்லாமலும் வீட்டிலிருக்கிறவளின் முகம் மாறாமலும் இருந்ததில் அவளுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. கண்ணெதிரே நின்ற சொந்த மகளின் நெற்றிக்கு அவள் கை ஒரு தரம் எழும்பியது, பாதியில் நின்றது.

"என்ன வந்துச்சு உனக்கு?" என்று மகளைக் கேட்டாள்.

"பி பிளஸ்மா."

கையைக் கீழே விட்டாள். "பாருங்க துளசிமணி, உள்ள இருக்கறது ஓ கிரேடு. மாப்பிள்ளை வீட்டுக்கு போட்டோ போயாச்சு, அவங்களும் சரின்னுட்டாங்க. பேரைக் கெஸட்டுல மாத்திக்கலாம். இதைக் கொஞ்ச நாள் நீங்களே வெச்சுக்கங்க, உங்களுக்குப் பழகின புள்ளைதானே."

"எம் புள்ளையைக் கூப்பிடுங்க. அவ சொல்லட்டும்," என்றேன்.

மாடி ஜன்னல் திறந்தது. அந்த முகம் எட்டிப் பார்த்தது, அந்தக் குரலில் பேசியது. "அஞ்சு மாசமா என்னைத் தேடல. யாரோ ஒருத்தியை வெச்சுச் சோறு போட்டுட்டு இருந்திருக்கறே. பட்டமளிப்புல ஏழு பேர் உக்காந்திருப்போம். பேர் கூப்பிடறதுக்கு முன்னாடி என்னைக் கண்டுபிடி, வர்றேன். இல்லீன்னா இங்கயே இருக்கறேன்."

ஜன்னல் சாத்திக்கொண்டது. சுகந்தா சிரித்தாள். "நல்லா யோசிச்சுக் கையைக் காட்டுங்க. ஒருக்கா தப்பு பண்ணீட்டீங்க."

பட்டமளிப்புக்குப் பதினாறு நாள் இருந்தது. அதற்குள் ஊரில் முந்நூற்றுத் தொண்ணூற்றொரு முகம் திரும்ப வந்துவிட்டிருந்தது, வந்த வீடுகளிலெல்லாம் இழவு விழுந்த மாதிரி இருந்தார்கள், குழாயடியில் சண்டை வந்தால், "போடி முகம் வந்தவளே" என்று திட்டினார்கள், ஸ்டூடியோக்காரர் ஓ கிரேடு முகத்துப் போட்டோவையே இன்னும் கேட்கிறார்கள் என்றார். எல்லாருக்கும் அள்ளிப் போட்டு முகத்தை எடுத்தார்கள், பிறகு ஏழு பேருக்கென்று சுருக்கி, திரும்பி வந்த முகத்தையும் வெட்கமாக்கிவிட்டார்கள். ஷ்ருதிலயா என் வீட்டில்தான் இருந்தாள். தூக்கின பல் தெரிய அவள் சிரிக்கும்போது நான் திட்டலாமென்று வாயைத் திறப்பேன், எதற்குத் திட்டுவது என்று தெரியாமல் இன்னொரு கரண்டி போடுவேன்.

விழாவன்று நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, சம்படத்தில் புளிச்சோறு எடுத்துக்கொண்டு போனேன். ஷ்ருதிலயாவும் வந்து தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் கடைசியில் நின்றுகொண்டாள். மேடையில் ஏழு மயில் நாற்காலி, ஏழு கறுப்பு அங்கி, ஏழும் ஒரே முகம். முதல்வர் அம்மாவிடம் சுகந்தா முன்பே சொல்லி வைத்திருந்தாள், அவரும் இந்த வழக்கு எப்படியாவது தீர்ந்தால் சரி என்று, துளசிமணி, விருந்தினர் வர்றதுக்குள்ள பாத்துக்கங்க, என்றார். மேடைக்கு முன்னால் போய் நின்றேன். கண்களைப் பார்த்தேன், ஒன்றுதான். கைகளை மடியில் வைத்திருந்த விதம் ஒன்றுதான். கால் பெருவிரலில் அவளுக்கு ஒரு தழும்பு உண்டு, ஐந்து மாதம் அதைப் பார்க்கத் தோன்றாதவள் இப்போது குனிந்தேன், ஏழு பேரும் ஒரே மாதிரி ஷூ போட்டிருந்தார்கள். பின்னாலிருந்து சுகந்தா, "ரெண்டாவதா? ஆறாவதா?" என்று கேட்டாள், அவளுடன் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். வாட்ச்மேன், "அக்கா, உக்காருங்க, மறைக்குது" என்றான், பக்கத்துச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டேன்.

விருந்தினர் வரவில்லை. பன்னிரண்டாயிற்று, ஒன்றாயிற்று, ஒன்றரை ஆயிற்று. எனக்குக் கண்ணெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது, பந்தயமும் சுகந்தாவும் மனதிலிருந்து நழுவிப்போய் வேறொரு கவலை வந்து உட்கார்ந்தது. காலை ஏழு மணிக்கு வரச் சொன்ன பிள்ளைகள், அங்கிக்குள்ளே வேர்த்துப்போய், ஒரு வாய் தண்ணீர் கொடுத்தார்களா, மேடையில் வைத்துச் சாப்பிடத்தான் முடியுமா, மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு. வராண்டாவின் கோடியில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டு, முழுத் தொண்டையில் கூப்பிட்டுவிட்டேன்.

"அம்மிணி, சோறு உண்டாச்சா?"

கலையரங்கம் முழுக்கச் சிரித்தது. மேடையில் ஆறு பேர் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார்கள், அந்த முகத்தில் அத்தனை மாதத்தில் நான் பார்த்திராத ஒரு பசியோடு பார்த்தார்கள். இடமிருந்து ஐந்தாவது நாற்காலியில் ஒருத்தி மட்டும் திரும்பவில்லை. அங்கிக்குள் அவள் இடது தோள் மெல்ல மெல்ல எழும்பிக் காதைத் தொட்டது.

படியேறிப் போய் அந்தத் தோளைப் பிடித்தேன்.

"சும்மா இரும்மா, எல்லாரும் பாக்கறாங்க," என்று பஸ் ஸ்டாண்டுக் குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் என் மகள். முகம் மாறவில்லை. மாறாவிட்டால் போகட்டும். சம்படத்தைத் திறந்து அவள் மடியில் வைத்தேன், மயில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, குனிந்த தலை நிமிராமல் அவள் தின்ன ஆரம்பித்தாள். கீழே சுகந்தா எழுந்து நின்று, மேடையை ஒரு முறை பார்த்துவிட்டு, தன் மகள் நின்ற தண்ணீர் டிரம் பக்கம் திரும்பினாள். மற்ற ஆறு பேரும் என் மேலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை, அடுத்ததாக அவர்களையும் ஒரு வார்த்தை கேட்கப்போகிறேன் என்று காத்திருக்கிறவர்கள் மாதிரி.